சிறு கடையும் பெருங்கடையும்



சம்பள நாள் மாலை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கியாகிவிட்டது. சீட்டுப் பணமும் கட்டியாயிற்று. கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மகன் வந்து நிற்கிறான். "அப்பா, பள்ளிக்கூடத்துப் பூப்பந்துக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு மட்டை வேண்டும்" என்கிறான். பட்டணத்துக் கடையில் விசாரித்தால் 80 வெள்ளி. மகனோ கைத்தொலைபேசியை நீட்டுகிறான். அதே படம், அதே நிறம், 60 வெள்ளி. வீட்டுக்கே வந்து சேருமாம். எதை வாங்குவது?

இது ஒரு வீட்டுக் கேள்வி. இன்னொரு வீட்டில் வேறொரு கேள்வி. முப்பது ஆண்டு மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் கையில் சேமநிதிப் பணம் வந்திருக்கிறது. "டவுனில் சிறியதாக ஒரு கடை போடலாமா?" என்று யோசிக்கிறார். அவர் மனைவி கேட்கிறார்: "ஊர் உலகமே கைத்தொலைபேசியில் சாமான் வாங்குகிறது. நம் கடைக்கு யார் வரப்போகிறார்கள்?"

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். ஒன்று கடை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்பது, மற்றொன்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது. மலிவாக விற்கும் பெருங்கடைக்கும், கடையே இல்லாமல் விற்கும் இணைய வணிகத்துக்கும் நடுவில் ஒரு சிறு கடை எப்படிப் பிழைக்கிறது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதற்காக உங்களைச் சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் பகுதிக்கு அழைத்துச் செல்கிறேன்.

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டின் நினைவாக அதற்கு அந்தப் பெயர். நம்மவர்களுக்கும் அந்த மண்ணோடு பழைய உறவு உண்டு. மலாயா ரயில்வேயில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் 1932இல், இன்றைய குவீன்ஸ்வே சாலையை ஒட்டி, ஒரு சிறு குடிசைக் கோயில் எழுப்பின. அதுவே வளர்ந்து, இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக நிற்கிறது. 1970இல் நாட்டின் முதல் கிளை நூலகம் குவீன்ஸ்டவுனில் திறக்கப்பட்டது. குடியிருப்பு வட்டாரத்து மக்களுக்கென்று ஒரு விளையாட்டு வளாகமும் அதே ஆண்டில் வந்தது.

விளையாட்டு வந்தால் விளையாட்டுச் சாமானும் வேண்டுமல்லவா? 1970களின் நடுவில் குவீன்ஸ்வே சாலை முனையில் ஒரு கடைத்தொகுதி எழுந்தது. குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர் என்று பெயர். உள்ளே போனால் சின்னச் சின்னக் கடைகள். நம் தோட்டத்து லயத்து வீட்டின் முன்னறை அளவுகூட இல்லாத கடைகளும் உண்டு. காலணிப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒரு பக்கம் பூப்பந்து மட்டைகள் தொங்கும். இன்னொரு பக்கம் காற்பந்துச் சட்டைகளில் பெயரும் எண்ணும் அச்சிட்டுக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் விளையாட்டுப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். அதே குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், அறிவியல் பூங்கா என்னும் இடத்தில்தான் ஷாப்பி என்ற இணைய வணிக நிறுவனத்தின் தலைமையகமும் இருக்கிறது. 2015இல் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே வட்டாரத்தில் ஒரு புறம் மட்டைக்கு நரம்பு கட்டும் சிறு கடைகள், மறுபுறம் கைத்தொலைபேசிக்குள் கடை விரித்த பெருவணிகம். இது போதாதென்று, பிரெஞ்சு நாட்டுப் பெருங்கடையான டெக்கத்லான் 2019இல் காலாங்கில் பெரிய விளையாட்டுச் சாமான் கடையைத் திறந்தது. ஆக, சிறு கடைக்கு இரு பக்கமும் நெருக்கடி.

நேயர்களே, பெரியவர்கள் எப்படி மலிவாக விற்கிறார்கள்? ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. நூறு மட்டை வாங்குகிறவருக்கு ஒரு விலை, லட்சம் மட்டை வாங்குகிறவருக்கு ஒரு விலை. இது சந்தையின் இயற்கை. மேலும், இணையத்தில் விற்பவருக்கு மக்கள் நடமாடும் இடத்தில் வாடகைக்குக் கடை வேண்டாம். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு போதும். டெக்கத்லான் போன்ற நிறுவனம் தன் சொந்தப் பெயரிலேயே பொருளைச் செய்வித்துத் தன் கடையிலேயே விற்கிறது. இடையில் உள்ளவர்களின் இலாபம் அதனால் மிச்சம். பெரு நிறுவனங்கள் பெயர் பரவுவதற்காகச் சில காலம் நட்டத்துக்கு விற்பதும் உண்டு.

வரியிலும் ஒரு வேறுபாடு இருந்தது. 400 வெள்ளிக்கு மேற்படாத பொருளை வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ அஞ்சலிலோ தருவித்தால், 2022ஆம் ஆண்டு முடியும் வரை சிங்கப்பூரில் அதற்குப் பொருள் சேவை வரி கிடையாது. வரிப் பதிவு பெற்ற உள்ளூர்க் கடைக்காரரோ அதே பொருளுக்கு வரி சேர்த்தே விற்க வேண்டும். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அந்தச் சலுகை நீங்கியது. மலேசியாவும் 2024 ஜனவரியிலிருந்து, 500 ரிங்கிட்டுக்கு மேற்படாமல் வெளிநாட்டிலிருந்து இணையவழி வரும் பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி விதித்தது. தராசுத் தட்டு ஓரளவு சமமாயிற்று. என்றாலும் பெரியவரின் விலை பெரியவரின் விலைதான். சிறு கடை அதைத் தொட முடியாது.

தொட முயன்றால் என்ன ஆகும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடைக்காரர் ஒரு மட்டையை 60 வெள்ளிக்கு வாங்கி 80 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 20 வெள்ளி. அதிலிருந்துதான் வாடகை, மின்சாரம், உதவியாள் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம். போட்டிக்குப் பயந்து விலையை 70 ஆக்குகிறார். வாங்குகிறவருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு. கடைக்காரருக்குக் குறைந்ததோ சரிபாதி. மாதம் நூறு மட்டை விற்று வாழ்ந்தவர், அதே வாழ்க்கைக்கு இனி இருநூறு மட்டை விற்க வேண்டும். இருநூறு பேர் எங்கிருந்து வருவார்கள்? விலையில் மோதிய சிறு கடைகள் பல மூடிப் போனதன் உள் கணக்கு இதுதான்.

அப்படியானால் குவீன்ஸ்வே கடைகள் எதைக் கொண்டு நிற்கின்றன? என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

என் தங்கை மகன் இணையத்தில் மலிவாக ஒரு மட்டை வாங்கினான். வந்தது நல்ல மட்டைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தொழிற்சாலையிலிருந்து கட்டி வந்த நரம்பு தொளதொளவென்று இருந்தது. ஸ்ட்ரிங் என்று கடைகளில் சொல்கிறார்களே, அதுதான் நரம்பு. "மாமா, அடித்தால் பந்து போகவே மாட்டேன் என்கிறது" என்று வந்து நின்றான். அவனை ஒரு சிறு கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் வயதான சீனர். மட்டையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாரத்துக்கு எத்தனை நாள் விளையாடுகிறாய், கை வலிக்கிறதா என்று பையனிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து கேட்டார். பையனோ, உலக வீரர்களைப் போல 30 பவுண்டு இறுக்கம் வேண்டும் என்றான். பெரியவர் சிரித்துவிட்டு மட்டையின் காம்புக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார். அந்தச் சட்டம் தாங்கும் அளவு 24 பவுண்டுதான். அதற்கு மேல் இழுத்தால் உடைந்துவிடும் என்றார். பழகும் பிள்ளைக்கு 22 போதும், தோளுக்கும் நல்லது என்று சொல்லி அந்த அளவிலேயே கட்டிக் கொடுத்தார்.

நான் தயங்கித் தயங்கி, "மட்டையை இங்கே வாங்கவில்லை, மன்னிக்க வேண்டும்" என்றேன். "மட்டையை எங்கே வாங்கினால் என்ன? நரம்பு அறுந்தால் இங்கேதானே வரவேண்டும்" என்றார் அவர்.

நேயர்களே, இந்த ஒரு சொல்லில் சிறு வணிகத்தின் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மட்டை பெட்டியில் வரும். கைத்திறன் பெட்டியில் வராது. ஏறக்குறைய பத்து மீட்டர் நீள இழையை நெடுக்கிலும் குறுக்கிலும் கோத்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவில் இழுத்து, சட்டம் கோணாமல் முடிச்சிட வேண்டும். அதற்கு ஓர் எந்திரம் வேண்டும், எந்திரத்தைவிட முக்கியமாகப் பழகிய கை வேண்டும். விளையாடுகிற பிள்ளைக்கு நரம்பு அறுந்துகொண்டேதான் இருக்கும். மட்டை விற்பது ஒரு நாள் வியாபாரம். நரம்பு கட்டுவதோ அந்தப் பிள்ளை விளையாடும் காலமெல்லாம் தொடரும் வியாபாரம்.

அடுத்தது அறிவு. பூப்பந்து ஆட்டத்துக்குரிய இறகுப் பந்தில் 16 இறகுகள் இருக்கும். எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பந்துக் குழாய்களின் மேல் 75, 76, 77 என்று எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேகத்தைக் குறிக்கும் எண். வெப்பமான காற்றில் பந்து வேகமாகப் பறக்கும். குளிர் நாட்டில் மெதுவாகப் போகும். ஆகவே நம் ஊர் வெப்பத்துக்குப் பெரும்பாலும் 75, 76 எண் பந்துகளே ஏற்றவை. இது தெரியாமல், மலிவாகக் கிடைக்கிறதென்று குளிர் நாட்டுக்குரிய பெரிய எண் பந்தைப் பெட்டி பெட்டியாக வாங்கினால், அடிக்கிற பந்தெல்லாம் கோட்டைத் தாண்டி விழும். பிள்ளை தன் கையைத்தான் நொந்துகொள்வான். கடைக்காரர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தால் ஒரு வாய்ச் சொல்லில் தீர்ந்திருக்கும்.

மூன்றாவது, கூடி நிற்பது. குவீன்ஸ்வேயில் ஒரே வகைக் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பக்கத்தில் இருந்தால் ஒருவரை ஒருவர் கெடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். நடப்பது வேறு. ஒரு கடையில் இல்லாத அளவுக் காலணி அடுத்த கடையில் இருக்கும். ஆகவே, அங்கே போனால் கிடைக்காமல் திரும்ப மாட்டோம் என்ற நம்பிக்கை மக்களுக்கு வருகிறது. அந்த நம்பிக்கையே கூட்டத்தைக் கொண்டுவருகிறது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தொகுதி ஒரே முதலாளியின் கட்டடம் அன்று. கடைகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமானவை. சொந்தக் கடையில் அமர்ந்திருப்பவருக்கு வாடகை ஏறிவிடுமோ என்ற பயம் இல்லை. சிறு கடையின் பெரிய எதிரி பல வேளைகளில் இணையம்கூட அன்று, வாடகைதான்.

நம்மவர் நடமாட்டம் மிகுந்த லிட்டில் இந்தியாவிலும் இதே பாடத்தைப் பார்க்கலாம். சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபா சென்டரைத் தெரியாதவர் யார்? ஊசி முதல் தங்க நகை வரை மலிவாகக் கிடைக்கும் பெருங்கடை. அதுவும் 1971இல் கேம்பல் லேனில் ஒரு சிறு ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கியதுதான். அவ்வளவு பெரிய கடை பக்கத்தில் இருந்தும், பஃபலோ சாலைப் பக்கம் பூக்கட்டுகிறவர்கள் இன்றும் அமர்ந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்ன காரணம்? திருமண மாலைக்கு நீளம் எவ்வளவு, எந்தப் பூ, எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்டுக் கட்ட வேண்டும். நேற்றே கட்டிக் கிடங்கில் அடுக்க முடியாது. கேட்டுச் செய்கிற வேலை எங்கே இருக்கிறதோ, அங்கே சிறியவருக்கு இடம் இருக்கிறது.

சில நாடுகள் சட்டத்தின் மூலமும் சிறு கடைகளைக் காக்கின்றன. பிரான்சில் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய புத்தகத்துக்கு யாரும் 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. பெருங்கடை எவ்வளவு பெரியதானாலும் புத்தகத்தின் விலை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அங்கே சிறு புத்தகக் கடைகள் தங்கள் அறிவைக் கொண்டு போட்டியிட முடிகிறது. நம் பக்கம் மட்டைக்கும் காலணிக்கும் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. இங்கே காப்பாற்றுவதும் கைவிடுவதும் வாங்குகிறவர் கையில்தான்.

அதனால் வாங்குகிற நமக்கும் ஒரு நேர்மை வேண்டும். கடைக்குப் போய், ஐந்து ஜோடிக் காலணியை எடுத்துப் போடச் சொல்லி, அளவைத் தெரிந்துகொண்டு, வெளியே வந்ததும் கைத்தொலைபேசியில் வாங்குகிற பழக்கம் பரவி வருகிறது. அந்தக் கடைக்காரர் நமக்குக் கொடுத்த அரை மணி நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? உழைத்த கூலி கைக்கு வராமல் போவதன் வலி நம் தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா? 20 வெள்ளியை விட முடியாத வீடு என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேராக இணையத்திலேயே வாங்குங்கள். ஆனால் ஒருவரின் உழைப்பை எடுத்துக்கொண்டு கூலியை இன்னொருவரிடம் கொடுப்பது தகாது.

எதை எங்கே வாங்கலாம் என்பதற்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். வாங்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை உடம்புக்குப் பொருத்திப் பார்க்க வேண்டுமா? இது பழுதானால் யார் சரிசெய்வார்? இதைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது உண்டா? மூன்றுக்கும் கவலையில்லை என்றால் மலிவான இடத்தில் வாங்குவதே சிக்கனம். கைப்பிடி நாடா, காலுறை, முன்பே பழகிய பொருள் எல்லாம் அந்த வகை. ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் தடுமாறினால், ஆள் இருக்கிற கடைக்குப் போங்கள். எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுக்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு.

இன்னொரு சிறு யோசனை. மட்டையில் ஒரு நரம்பு அறுந்தால், மற்ற நரம்புகளையும் நடுவிலிருந்து தொடங்கி உடனே வெட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுச் சட்டம் கோணிவிடும். இதை எனக்குச் சொன்னவரும் அந்தக் கடைக்காரப் பெரியவர்தான். அதற்குக் காசு வாங்கவில்லை.

இப்போது, சேமநிதிப் பணத்தோடு யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெரியவருக்கு வருவோம். ஐயா, கடை போடுவது தவறில்லை. ஆனால் முதலில் கைத்தொழில், பிறகுதான் கடை. நீங்களோ உங்கள் பிள்ளையோ ஓராண்டாவது ஒருவரிடம் இருந்து வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். நரம்பு கட்டுவதாகட்டும், சைக்கிள் பழுது பார்ப்பதாகட்டும், மிருதங்கத்துக்குத் தோல் போடுவதாகட்டும், கையில் ஒரு வேலை இருக்கட்டும். வாங்கி விற்பதை மட்டும் நம்பிக் கடை போட்டால், உங்களைவிட மலிவாக வாங்கி விற்க ஒருவன் எப்போதும் இருப்பான்.

செய்கிற வேலைக்குக் கூலியைத் தனியாக எழுதி வையுங்கள். நரம்பின் விலை இவ்வளவு, கட்டுக் கூலி இவ்வளவு என்று பலகையில் தெரியட்டும். கூலியைப் பொருளின் விலைக்குள் ஒளித்து வைத்தால், பொருள் விலை அதிகம் என்றுதான் பெயர் வரும். சாமானை நிறையக் குவிக்காதீர்கள். ஒரே வகையைத் தேர்ந்து அதில் எல்லா அளவும் வையுங்கள். கைத்தொலைபேசியைப் பகையாகவும் நினைக்க வேண்டாம். "மட்டை தயாராகிவிட்டது" என்று செய்தி அனுப்ப அதுவே உதவும். 2020இல் நோய்த்தொற்றுக் காரணமாகக் கடைகள் அடைத்துக் கிடந்த வாரங்களில், வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் எழுதி வைத்திருந்தவருக்கு அது பெரிய துணை.

கடனுக்கும் ஓர் எல்லை கட்டுங்கள். பழைய தோட்டத்துக் கடையின் சிட்டைப் புத்தகம் நமக்கு நினைவிருக்கிறது. அதில் கடைக்காரரும் மூழ்கியதுண்டு, வாங்கினவரும் மூழ்கியதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சேமநிதிப் பணம் முழுவதையும் கடையில் போடாதீர்கள். கடை படுத்தாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்தப் பங்கை அம்மாவின் பொறுப்பில் தனியே வையுங்கள்.

நேயர்களே, மட்டை கேட்டு நின்ற அந்தப் பையனை மறந்துவிடவில்லை. 60 வெள்ளி மட்டையா, 80 வெள்ளி மட்டையா என்று அவன் தந்தை யோசிக்கிறார். கடைக்காரர் நல்ல நரம்பைச் சரியான அளவில் கட்டி, பையன் கைக்குப் பொருந்தும் பிடியையும் பார்த்துக் கொடுப்பாரானால், அந்த 20 வெள்ளி வீண் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி என்றால், அந்தக் கடைக்கு 20 வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டிய கடமையும் இல்லை. கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "என் பிள்ளைக்கு எது ஏற்றது?" அவர் விலை உயர்ந்ததை நோக்கிக் கை நீட்டுகிறாரா, பிள்ளையின் கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பிள்ளையின் கையைப் பார்க்கிறவர் கடையில் வாங்குங்கள்.